டாக்டரம்மாவின் வகுப்பு

டாக்டர் ரூபென் வால்லாக் ஜெர்மன் நாட்டுச் சிற்றூரான எங்கள் லிண்டன்ரோடவுக்கு வந்திறங்கிய வாரத்தில், மாட்டுத் தரகன் ஒருவன் வீங்கின கன்னத்தோடு அவர் வாசலில் போய் நின்று வாயைத் திறந்து காட்டினானாம். "நான் அந்த டாக்டர் இல்லப்பா. இது படிச்சு வாங்கின பட்டம்" என்றாராம் அவர். "பல்லுக்கு ஆகாத படிப்பு என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பிவிட்டான். இதைச் சந்தையில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்றில்லை. தன்னைப் பற்றிய சிரிப்பு மட்டும் அவருக்கு ஆகாது.

அதுவரை எங்கள் யூதத் தெருவில் பள்ளிக்கூடம் என்று இருந்தது ரெப் ஷ்மால் கிழவரின் முன்னறைதான். பையன்கள் விடிந்ததிலிருந்து வேதத்தை ராகம் போட்டுக் கத்துவார்கள். பொருள் கேட்டால் காது திருகப்படும். வால்லாக் பள்ளிக்கூடத்துக்குள் ஜெர்மன் மொழியைக் கொண்டுவந்தார். கணக்கு, பூகோளம் எல்லாம் கொண்டுவந்தார். மாடு விற்பதும் மூட்டை சுமந்து ஊர் ஊராக அலைவதும் தவிர நம் பிள்ளைகளுக்கு வேறு தொழிலும் தெரியவேண்டும் என்று கூடத்தின் மூலையில் ஒரு தச்சுப் பட்டறையே போட்டார். முதல் குளிர்காலத்தில் ரெப் ஷ்மாலின் ஆட்கள் ஜன்னலில் கல் எறிந்தார்கள். உடைந்த கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டிவிட்டு, மேல்கோட்டோடு நின்று பாடம் நடத்தினார். பிறகு அரசாங்கமே அவரைப் பள்ளித் தலைவர் என்று ஏற்றுக்கொண்டது. எறிந்தவர்களின் பிள்ளைகளும் அவரிடமே வந்தார்கள்.

வருஷா வருஷம் ஜெபாலயத்தில் அவர் ஒரு பிரசங்கம் செய்வார். பெண்களையும் படிக்க வையுங்கள், தாய் இருட்டில் இருந்தால் வீட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று. நன்றாகத்தான் பேசுவார். தங்களுக்கென்று தனியாக உள்ள மேல்மாடத்தில் இருக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும், "இவ பள்ளிக்கூடம் போனா வாத்து எறகை எவ பிடுங்கறது?" என்பார்கள்.

அவர் மனைவி ஃப்ரோமெட் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு வைத்தியரின் மகள். அப்பாவின் அலமாரியில் இருந்த புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள். பிரெஞ்சு வாசிப்பாள், அவரைவிட நன்றாகவே. குழந்தை இல்லை. வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படித்ததால் அவர்களுக்குப் பொங்கிப்போடவே அவள் பொழுது சரியாக இருந்தது. என் அம்மா பெஸ்லா அந்தச் சமையற்கட்டில் வேலை செய்தவள். என் அக்கா பின்னால் வந்த பெண்கள் வகுப்பில் படித்தவள். நான் சொல்வதெல்லாம் அவர்கள் இருவரும் சொன்னதுதான்.

டாக்டர் கடைசியில் தொடங்கிய பெண்கள் வகுப்புக்கென்று கஸ்ஸல் நகரத்திலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்தார்கள். அந்தப் பெண் எங்கள் ஊர் மார்ச் மாதச் சேற்றையும் சாணி நாற்றத்தையும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அழுதுகொண்டே வண்டியேறிவிட்டாள். வந்திருந்த ஐந்தாறு பெண்களும் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"வேற ஆள் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன், ரூபென்" என்றாள் ஃப்ரோமெட்.

"உன்னால முடியுமா? சமையல் இருக்கே."

"பக்கத்து ரூம்லதான உக்கார வெக்கப்போறேன். அடுப்புச் சுவர் இருக்கு, புள்ளைங்களுக்குக் குளிராது."

வேறு ஆளை யாரும் தேடவில்லை. தேடவேண்டிய தேவை வரவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையாவது அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தான். அங்கிருந்து வரும் கடிதங்களைத் தாய்மார்களுக்குப் படிக்கத் தெரியாது. எவனாவது ஒருவனைக் கெஞ்சிப் படிக்கச் சொல்லவேண்டும். அவனும் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவான். ஃப்ரோமெட் அதையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டாள். "வீட்ல இருக்கற கடுதாசிய எடுத்துட்டு வாங்கடி" என்றாள். பால்டிமோர் எங்கே, சின்சினாட்டி எங்கே, அங்கே மழை எப்போது, ஒரு ஜோடிக் குதிரை அங்கே எத்தனை சுமை இழுக்கும் என்று கடிதத்திலிருந்தே பூகோளமும் கணக்கும் வந்தன. மறுபடி அவர்களையே பதில் எழுதவைத்தாள். என் அக்கா எழுதிய முதல் பதிலில், "அண்ணா, நீ அனுப்பிய படத்தில் உன் தொப்பி நன்றாக இல்லை" என்றிருந்ததாம். அம்மா அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள்.

இலையுதிர்காலம் முடிவதற்குள் அந்த அறையில் நிற்க இடமில்லை. தாய்மார்கள் கூடையோடு வந்து ஜன்னலோரம் நின்று கேட்டார்கள். மணி அடித்தும் பெண்கள் போகமாட்டார்கள். "போங்கடி, எனக்குக் கெழங்கு உரிக்கணும்" என்று ஃப்ரோமெட் விரட்டினால், கிழங்கை எடுத்துவைத்துக்கொண்டு உரித்தபடியே அடுத்த கதையைக் கேட்பார்கள்.

நடையின் அந்தப் பக்கத்தில் டாக்டரின் வகுப்பு. அங்கே மணி அடித்த மறுகணம் பையன்கள் அணை உடைந்த மாதிரி வெளியே பாய்வார்கள்.

முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விருந்தாளிகளிடம் காட்டுவார். பிறகு, தான் உள்ளே நுழைந்ததும் பெண்களின் சிரிப்பு அடங்கிப்போவதைக் கவனித்தார். எல்லோரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் சிரிப்பு மறுபடி கிளம்பும். தன்னைப் பற்றித்தானோ என்று நடையில் நின்று காதைக் கொடுப்பார். தன்னைப் பற்றி இருக்காது. அது அவருக்கு இன்னும் உறுத்தியது.

ஒருநாள் நடைக்கு அந்தப் பக்கம் ஃப்ரோமெட் எங்கள் ஊர் வெர்ரா ஆற்று வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். மறுநாள் அதே வெள்ளத்தை அவர் பையன்களுக்குச் சொல்லிப் பார்த்தார். கூரைமேல் ஏறின பசுவைப் பற்றிக்கூடச் சொன்னார். சொல்லி முடித்ததும் முன்பெஞ்சுப் பையன் எழுந்து, "ஐயா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான்.

கஸ்ஸலிலிருந்து கல்வி ஆலோசகர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். பையன்கள் வகுப்பில் கொஞ்ச நேரம் இருந்தார். பெண்கள் அறைக்குள் போனவர், சாப்பாடு ஆறிப்போகும்வரை வெளியே வரவில்லை. பச்சைக் கோதுமை சூப்பும் வாத்துக் கறியும் பரிமாறினார்கள்.

"உங்க பையங்க நல்லா ஒப்பிக்கறாங்க, டாக்டர்" என்றார் அவர். "ஆனா அந்தச் சின்ன ரூம்ல இருக்கே, அதுங்க யோசிக்குதுங்க. அம்மா, நீங்க எங்க பயிற்சி எடுத்தீங்க?"

"இதோ, இந்த அடுப்புக்கு முன்னாடிதான். சாப்பிடுங்க, ஆறுது."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். உப்பு கேட்டார். என் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாளாம்: ஏற்கெனவே உப்பிட்ட சூப்பில் மறுபடி உப்பை அள்ளிப் போட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். முகம் மாறவில்லை.

சனிக்கிழமை ஓய்வுநாள் நண்பகலில் ரொட்டிக்கடைச் சூளையிலிருந்து சாப்பாட்டுச் சட்டிகளை வாங்கப் போகும்போதுதான் ஊர்ப் பேச்சு நடக்கும். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே எல்லோரும் சட்டியைச் சூளையில் வைத்துவிடுவோம். ஆலங்கட்டி மழை பெய்த ஓர் ஓய்வுநாளில் சூளைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றவர்களில் எங்கள் யூதச் சபைத் தலைவர் ஹெர்ட்ஸ் ப்ளவுட்டும் இருந்தார். மாட்டு வியாபாரி. எருதுக்கு விலை பேசிப் பழகிய குரல். காதோடு சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"டாக்டரய்யா! எம் மக பிரைன்லெ இருக்காளே, நேத்து என்னயப் புடிச்சு உக்கார வெச்சுப் பாடம் எடுக்கறா. தட்டுல பீட்ரூட்ட வெட்டி வெச்சு, இதுதான் அமெரிக்கா, இதுதான் நாம, நடுவுல இருக்கற சாறுதான் கடல்ங்கறா."

"சந்தோஷம்" என்றார் டாக்டர்.

"எம் பையனும் உங்ககிட்டத்தான் இத்தனை வருஷமாப் படிக்கறான். வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டேங்கறான். நான் கேக்கறேன், டாக்டரம்மாவே அவனுங்களுக்கும் எடுத்தா என்ன?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ப்ளவுட்டின் மனைவி யெட்சென் அவர் முழங்கையைக் கிள்ளினாள். "நீங்க சும்மா இருங்க."

"ஏன், தப்பா என்ன சொல்லிட்டேன்? ஆத்தங்கரையில என் வைக்கோல் கெடங்கு சும்மாதான கெடக்கு. பொண்ணுங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடமாப் பண்ணிக்கட்டும். பரீட்சை முடியட்டும், சபையில வெச்சுப் பேசி முடிச்சிருவோம்."

டாக்டர் தன் சட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கோட்டில் ஆலங்கட்டி ஒட்டியிருந்தது.

வீட்டுக்குள் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். மூன்றாம் மனிதர் இருந்தால் 'நீங்க'. என் அம்மா அந்த வீட்டில் மூன்றாம் மனுஷி இல்லை.

"ப்ளவுட் கெடங்கு தர்றாராமே. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"யெட்சென் சொன்னா. போன வாரம்."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னாக் கேக்கற மொகமா இருந்துச்சு உனக்கு?"

"என் பள்ளிக்கூடம், ஃப்ரோமெட்."

அவள் சட்டியின் மூடியை எடுத்தாள். ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்தது. "மேடையில ஏறினா நம்ம பள்ளிக்கூடம்ங்கறே" என்றாள்.

"உன் வகுப்புல ஒரு முறை இருக்கா? இலக்கணம் இருக்கா? கடுதாசி, பாட்டு, கெக்கலி. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"யார் கேக்கறா? நீதான் கேக்கறே. சாப்பிடு."

அவர் சாப்பிட்டார். அவளுடைய வகுப்பில் என்ன குறை என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டார். யோசிக்க யோசிக்கக் குறைகள் கிடைத்துக்கொண்டே வந்தன. முறைதான் தன் கவலை என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

பஸ்கா பண்டிகைக்கு முன்னால் ஆண்டுப் பரீட்சை. எங்கள் ஊரில் அது ஒரு திருவிழா. ஜெபாலயத்தைக் கழுவித் துடைத்து, மேயருக்கும் பாதிரியாருக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அந்தந்த ஆசிரியர் தன் பிள்ளைகளைக் கேள்வி கேட்பார், ஊர் கேட்டு மகிழும். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிய வாரம் அது. வந்தவர்கள் எல்லோரும் காலில் ஒரு படி சேற்றோடு வந்தார்கள்.

பையன்கள் கடிகாரம் மாதிரி பதில் சொன்னார்கள். பிறகு பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கஞ்சி போட்ட வெள்ளை மேலாடை, இறுக்கப் பின்னின சடை. என் அக்காவுக்குப் பயமே இல்லை, எப்போது நம் முறை வரும் என்கிற அவசரம்தான். ஃப்ரோமெட் சுருட்டின வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க" என்றார் டாக்டர். "இவங்கள நானே கேக்கறேன்."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். வரைபடம் அவள் மடியில் சுருண்டபடியே கிடந்தது.

முதல் பெண்ணிடம் எபிரேய வினைச்சொல் ஒன்றைக் கொடுத்து எல்லாக் காலத்திலும் திரித்துச் சொல்லச் சொன்னார். பையன்களே திணறுகிற சொல் அது. அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். அடுத்தவளிடம் பழைய ரோமாபுரி அரசர்களின் பெயரை வரிசையாகக் கேட்டார். அவள் ஃப்ரோமெட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க என்ன பார்வை? என்னயப் பாரு" என்றார். அவளுக்கு உதடு கோணியது. மூன்றாவதாக ப்ளவுட்டின் மகள் பிரைன்லெ.

"கடமை என்பதன் வரையறை என்ன? புத்தகத்தில் உள்ளபடி."

"ஐயா, இது எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல" என்றாள் அவள், அப்பாவின் குரலில் பாதியோடு. "ஆனா கடமைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணன் பால்டிமோர்ல..."

"நான் கேட்டது வரையறை. கதை இல்ல."

பிரைன்லெ வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை, உட்காரவும் இல்லை. பக்கத்தில் என் அக்கா மேலாடையின் நாடாவைக் கடித்துக்கொண்டு, தன்னை அவர் பார்த்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "ஆர்வம் இருக்கு, மறுக்கல. அடித்தளம் இல்ல. தனிக் கட்டடம் வரைக்கும் போறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கலாம்கறது என் தாழ்மையான கருத்து."

மேயர் பைக்கடியாரச் சங்கிலியைத் தடவினார். பாதிரியார் இருமினார். ப்ளவுட் எழுந்துபோய் மகளின் கையைப் பிடித்து, வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தபோது ஆற்றில் பனிக்கட்டிகள் மோதும் சத்தம் உள்ளே கேட்டது. கிடங்கைப் பற்றிச் சபை அதன்பிறகு பேசவில்லை.

மறுநாள் சமையற்கட்டில் பஸ்காவுக்கான சுத்தம். புளிப்பு மாவின் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. பலகைகளைச் சுரண்டி, செப்புப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்துப் பழுக்கக் காய்ந்த கல்லை அதில் போட்டு வழியவிடுவார்கள். டாக்டர் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தரை ஈரமா இருக்கு" என்றாள் ஃப்ரோமெட்.

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து என் அம்மா திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"பெஸ்லா இருக்கா. அப்புறம் பேசலாம்" என்றார் அவர் தணிந்து.

"பெஸ்லாவும் கேக்கட்டும். அவ பொண்ணும்தான அந்த வரிசையில நின்னுச்சு."

"நான் கேட்டது எல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடத்துல இருக்கறதுதான்."

"பையங்க பாடத்துல. எங்க பாடத்துல அது இல்லன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். இல்லாததாப் பாத்துப் பொறுக்கி எடுத்துக் கேட்டீங்க."

"நீ கோபத்துல பேசறே."

"கோபம் இல்லீங்க. அன்னிக்கு அவனுங்க நம்ம ஜன்னல்ல கல் எறிஞ்சப்போ கண்ணாடிய நான்தான் பெருக்கினேன். ஒருநாள் மொகம் சுளிச்சிருப்பேனா? நேத்து நீங்க எறிஞ்சீங்களே, அத நான் எங்கேருந்து பெருக்க?"

அவள் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"நான் இன்னொரு ஆம்பள மேல மனசு வெச்சிருந்தாக்கூட நீங்க இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீங்க. சின்னப் புள்ளைங்க. அதுங்க மேலயா ஒருத்தருக்குப் பொறாம வரும்?"

"அதுங்க மேல இல்ல" என்றார். கவிழ்த்துவைத்திருந்த மரத்தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "உன்மேல."

என் அம்மா பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீ உள்ள நுழைஞ்சா அதுங்க மொகம் மாறுது, ஃப்ரோமெட். நான் எத்தனை வருஷமாத் தொண்டை கிழியக் கத்தறேன். ஒரு பையன் மொகம் எனக்காக அப்படி மாறினது இல்ல. மரியாதை இருக்கு, பயம் இருக்கு. மணி அடிச்சா ஓடிடறானுங்க. நீ போகச் சொன்னாலும் அதுங்க போக மாட்டேங்குது. நடையில நின்னு அதக் கேட்டுக் கேட்டு..."

ஃப்ரோமெட் இடுக்கியால் கல்லை எடுத்து அண்டாவில் போட்டாள். தண்ணீர் சீறிப் பொங்கித் தரையெல்லாம் ஓடியது.

"இத நேத்துக் காலையில எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, தலைய மடியில வெச்சுத் தடவிக் குடுத்திருப்பேன்" என்றாள். "இப்ப கால எடுங்க, வெந்நி வருது."

பண்டிகை நடுவில், யாரும் எதிர்பாராத ஆள் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ரெப் ஷ்மால். மடி நிறைய வாதுமைக் கொட்டை. உள்ளே வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, கொட்டைகளை மேஜையில் கொட்டினார்.

"உன் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு இருந்தேன் தம்பி. இன்னிக்கு மிதிச்சுட்டேன். பண்டிகைக்குச் சாப்பிடு."

"வாங்க" என்றார் டாக்டர். எந்தத் தெருவில் பார்த்தாலும் காறித் துப்பிவிட்டு நடந்த கிழவர் ஒருநாள் தன் வீடு தேடி வருவார் என்று அவர் ஆசைப்பட்டதுண்டு. வந்தால் என்ன பேசவேண்டும் என்றுகூட ஒருகாலத்தில் யோசித்து வைத்திருந்தார்.

"பொட்டப்புள்ளைங்க மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு நாங்க தலைகீழா நின்னு சொன்னோம். நீ கேட்டியா? இப்ப நீயே காட்டிட்ட. மேயர் முன்னாடி, பாதிரி முன்னாடி, ஊர் முன்னாடி! எங்களால ஆகாதது உன்னால ஆச்சு, போ." கிழவர் பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும், இவன் உள்ளுக்குள்ள நம்மாளுதான்னு. அடுத்தது அந்தத் தச்சுப் பட்டறைய மூடிரு. மெதுவா, ஒண்ணொண்ணா."

டாக்டர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். கிழவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என் அம்மா உள்ளே வந்தபோது அவர் மேஜைமுன் நின்று, தட்டப்பட்ட தோளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டைகளை யாரும் தொடவில்லை. பண்டிகை முடிந்து அம்மா அவற்றை அள்ளி அணில்களுக்குப் போட்டாள்.

பண்டிகைக்குப் பின் பள்ளி திறந்தது. பையன்கள் வந்தார்கள். அடுப்புச் சுவர் அறைக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. ஃப்ரோமெட் காலையில் அந்த அறையைத் திறந்து பெருக்குவாள், மாலையில் சாத்துவாள். நடையில் அவருக்குத் தொந்தரவாக எந்தச் சத்தமும் இல்லை.

அந்த ஓய்வுநாளில் ஜெபாலயத்தில் அவருடைய ஜெர்மன் பிரசங்கம். மேடையேறினார். கையில் தாள் இல்லை.

"இன்னிக்குப் பிரசங்கம் இல்ல" என்றார். "பரீட்சையன்னிக்கு இந்த எடத்துல பொண்ணுங்கள நான் கேட்ட கேள்வி எதுவும் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். அவங்களுக்குத் தெரிஞ்சதக் கேட்டிருந்தா நீங்க எல்லாரும் கைதட்டியிருப்பீங்க. அத என்னால தாங்க முடியாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன்." முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "பாடமுறை, அடித்தளம்னு நான் சொன்னதெல்லாம் பொய். பொறாமை. என் மனைவிமேல."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்து, சிரித்ததற்கே வெட்கப்பட்டு அடங்கினான். ரெப் ஷ்மால் எழுந்து தொழுகைப் போர்வையை உதறிக்கொண்டு வெளியேறினார். மேல்மாடத்தில் பெண்களின் தட்டிக்குப் பின்னால் சலசலப்பு. ஹெர்ட்ஸ் ப்ளவுட் தன் இடத்தில் இருந்தபடியே, சந்தைக் குரலில் சொன்னார்:

"சத்தமாச் சொல்லுங்க டாக்டரய்யா. மேல கேக்கணும். எம் பொண்ணு மேலதான் இருக்கா."

அவர் முகத்தை மேல்மாடத்துக்கு உயர்த்தினார். முழுவதையும் மறுபடி முதலிலிருந்து, உரக்கச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது என்று அக்கா சொல்வாள். தட்டியின் இடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரோமெட் பார்க்கவில்லையாம். ஜெபப் புத்தகத்தை விரித்து அதிலேயே கண்ணை வைத்திருந்தாளாம். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

மறுநாள் டாக்டர் ப்ளவுட்டின் தொழுவத்துக்குப் போனார். ப்ளவுட் கன்று ஈன்ற பசுவுக்குச் சூடான தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இவர் வந்ததைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"கெடங்கு தர்றேன்" என்றார் முதுகைக் காட்டியபடியே. "ஆனா அது உங்க பள்ளிக்கூடத்துல சேந்தது இல்ல. அதுக்கு அம்மாதான் தலைவி. பலகையில உங்க பேரு வரப்படாது. அவங்க கூப்பிடாம நீங்க உள்ள கால் வெக்கப்படாது."

பசு வாளியை நக்கி முடித்துவிட்டது.

"சரி" என்றார் டாக்டர். "பெஞ்சு வேணும்ல? எங்க பட்டறைப் பையங்க செஞ்சு தருவாங்க."

"அத வேணா செஞ்சு தரச் சொல்லுங்க."

கோடைகாலம் முழுக்க வேலை நடந்தது. வைக்கோல் கிடங்குக்கு ஜன்னல் வெட்டினார்கள், தரைக்குப் பலகை பாவினார்கள், கணப்பு கட்டினார்கள். சுண்ணாம்பு அடித்தும் வைக்கோல் வாசனை போகவில்லை. திராட்சை பறிக்கும் பருவத்தில் பள்ளி திறந்தபோது பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்களை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். அன்று மேயர் பேசினார், ப்ளவுட் பேசினார். டாக்டர் கூட்டத்தில் ஐந்தாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் அதன்பிறகு புதிதாக வருபவர்களிடம் அவரைக் காட்டி, 'டாக்டரம்மா வீட்டுக்காரர்' என்றுதான் சொன்னார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. நடை மட்டும் வேகமாகும்.

ஃப்ரோமெட் எப்போது அவரை மறுபடி 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்பது என் அம்மாவுக்கும் தெரியாது. ஒருநாள் கவனித்தபோது கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

அந்த அக்டோபரில் ஒரு மழைநாள். அவளுக்குக் கம்பளிச் சால்வை எடுத்துக்கொண்டு அவர் கிடங்குக்குப் போனார். அவள் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள்.

"பின்னாடி ஒரு ஓரமா உக்காந்து கேக்கட்டுமா?" என்றார்.

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பெண்கள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாம் ரூபென். பாரு, இன்னும் பயப்படுதுங்க."

"சரி."

கதவு சாத்திக்கொண்டது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. கூரை இறக்கத்தின் கீழே சுவரோடு ஒட்டி நின்றார். முதலில் அமைதி. பிறகு ஒரு குரல் ஏதோ கேட்டது, இன்னொன்று பதில் சொன்னது, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மழை நிற்கும்வரை அவர் அங்கேயே நின்றதை ஆற்றங்கரைக் கொட்டகையில் துணி அலசிய பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்து, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்களாம்.

அவள் அவரை உள்ளே கூப்பிட்டது மூன்றாவது குளிர்காலத்தில். காய்ச்சல் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது.

"இன்னிக்கு நீ போ" என்றாள்.

"நானா?"

"வேற யாரு இருக்கா? பையங்கள உதவி வாத்தியார் பாத்துக்குவார்ல. புள்ளைங்க அவ்வளவு தூரம் பனியில நடந்து வந்திருக்கும்."

அவர் போனார். கதவைத் திறந்ததும் பெண்கள் எழுந்தார்கள். என் அக்கா அப்போது பெரியவள், கடைசிப் பெஞ்சு. பிரைன்லெயும் அங்கேதான் இருந்தாள். அவர் மேஜைவரை போகவில்லை. கணப்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"உக்காருங்க" என்றார். "நேத்து எங்க விட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. யாராவது சொன்னா, அங்கேருந்து ஆரம்பிக்கலாம்."

விறகு வெடித்தது. கடைசியில் பிரைன்லெ எழுந்து, முந்தின நாள் பாடத்தைச் சொன்னாள். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அவள் முடித்ததும், தனக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேட்டார். நிஜமாகவே புரியாததைத்தான் கேட்டார் என்று அக்கா சத்தியம் செய்வாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது என் அம்மா சூப்புக் கிண்ணத்தோடு படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பனி படிந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"டாக்டரம்மா எப்ப வருவாங்க, டாக்டரம்மா எப்ப வருவாங்க. நாள் முழுக்க இதே கேள்விதான். வாயத் தொற."

அவள் ஒரு கரண்டி குடித்தாள். "உன்னயப் பாத்து ஒருத்திகூடச் சிரிக்கலையா?"

"சின்னது ஒண்ணு, உங்க மீசையில பனி இருக்குன்னு சொல்லிச் சிரிச்சுது. மத்ததுங்க அத அடக்கிடுச்சு."

"பொறாமையா இருந்துச்சா?"

கிண்ணத்தில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "இருந்துச்சு" என்றார்.

"இப்ப?"

"இப்பவும் இருக்கு."

ஃப்ரோமெட்டுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் நிறைந்தது. கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அப்ப நாளைக்கும் நீயே போ" என்றாள். "நல்லா வலிக்கட்டும்."

மறுநாளும் அவரே போனார்.